சர்க்கரைக்குப் பிறந்த தம்பி

பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து விற்பனைக்கான லுங்கிக் கட்டுடன் இறங்கித் தெருவுக்குள் நுழைந்த வேணுவை, போரில் பிழைத்து வந்தவனைப் போலத் தெருவே திரண்டு வரவேற்றது.

"பயப்படாத வேணு. உன்னைத் தேடிக்கினு போலீஸ்காரன் வந்தான். நாங்க விட்டுக்குடுப்பமா?" என்றாள் எதிர்வீட்டுக் கௌரியம்மாள்.

"என்னன்னு சொன்னீங்க?"

"வேணுன்னு இந்தத் தெருவுல ஒருத்தனும் கெடையாது, இருந்ததும் கெடையாதுன்னு ஒரே வாயா சொல்லிட்டோம்!"

"எழுதிக்கூட வாங்கிக்கினான். நானும் கௌரியம்மாவும் கைநாட்டு வச்சிருக்கோம்" என்று பக்கத்து வீட்டுக் கங்காதரன் மை படிந்த கட்டைவிரலை விழுப்புண் போலத் தூக்கிக் காட்டினான்.

வேணு லுங்கிக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதமாக அவன் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தது அந்தப் போலீஸ்காரருக்காகத்தான்.

விஷயம் இதுதான். கொழும்பில் லுங்கிக் கடை வைத்திருந்த வேடியப்பனுக்கு வேணு ஆறு வருஷமாகச் சரக்கு அனுப்பி வந்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை; எல்லாம் தபாலோடு சரி. அந்த வேடியப்பன், "கடைக்கு நம்பிக்கையான ஆள் ஒருவர் தேவை. இடம் ஒன்றுதான். பொங்கலுக்குள் வந்து சேரவும்" என்று எழுதியிருந்தார். தெருத்தெருவாக லுங்கி சுமந்து தோள் காய்த்துப்போன வேணுவுக்கு அது ஆறுமுகனே அனுப்பிய ஓலையாகப் பட்டது. போன வருஷமாக இருந்தால் மண்டபம் முகாமில் தடுப்பூசி குத்திக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறியிருப்பான். ஆனால் இது 1949. பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாதவன் உள்ளே வரக்கூடாது என்று சிலோன் சர்க்கார் சட்டம் போட்டுவிட்டது.

"கொழும்பு எப்போ வெளிநாடு ஆச்சு?" என்று கேட்டான் கங்காதரன்.

"இப்போதான்."

"பாஸ்போர்ட் ஒண்ணு, விசா ஒண்ணா? ரெண்டு எதுக்கு?"

"பாஸ்போர்ட்டுன்னா நம்ம வீட்டை விட்டுப் போகலாம்னு சீட்டு. விசான்னா அவன் வீட்டுக்குள்ள வரலாம்னு சீட்டு. பாஸ்போர்ட் குடுக்குறதுக்கு முன்னாடி, இந்த ஆள் நல்லவனான்னு போலீஸ் வந்து தெருவுல விசாரிக்கும்."

"இத்த முன்னாடியே சொல்லியிருக்கலாமே! ஒரு சீட்டை மட்டும் வச்சிக்கினு இருக்குறவன் எங்க நிப்பான்?"

"கடல்ல."

மறுநாள் காலை வேணு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனான். ஏட்டு சுந்தரமூர்த்தி எதையும் துருவித் துருவிப் பார்க்கும் மனிதர்.

"ஐயா, நான்தாங்க வேணு."

ஏட்டு தாளைப் பார்த்தார். வேணுவைப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். அவருக்குத் தாளின் மேல்தான் நம்பிக்கை அதிகம் என்று தெரிந்தது.

"வேணுன்னு ஒருத்தர் இல்லைன்னு இதுல இருக்குதே."

"நான் எதிர்லயே நிக்கிறேனுங்களே!"

"நீ நிக்கிறது தெரியுதுப்பா. நிக்கிறது வேணுன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்ச ரெண்டு பேரைக் கூட்டிக்கினு வா."

வேணு கங்காதரனிடம் ஓடினான். கங்காதரன் நிதானமாக யோசித்துச் சொன்னான்: "இல்லைன்னு கைநாட்டு வச்சிட்டு இப்ப இருக்குறான்னு சொன்னா, பொய் சாட்சின்னு என்னை உள்ள தள்ளிடுவான். கௌரியம்மாளையும் தள்ளுவான். வேணு, நீ இல்லாம இருக்குறதுதான் எல்லாருக்கும் நல்லது."

கட்டிய மனைவியைவிடச் சாட்சி உண்டா என்று வேணு தேவகியை அழைத்துப் போனான்.

"உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார் ஏட்டு.

தேவகி தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அந்தப் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. "கொழல் ஊதுவாருங்களே, அவரு பேரு."

"நாயனக்காரரா?"

"இல்லீங்க. மாடு மேச்சுக்கினு ஊதுவாரே..."

ஏட்டு எழுதினார்: 'புருஷன்: மாடு மேய்ப்பவர். ஓய்வு நேரத்தில் ஊதுவார். லுங்கி வியாபாரம் பற்றி மனைவிக்குத் தெரியவில்லை.'

வேறு வழியின்றி வேணு ரேஷன் கார்டைக் கொண்டுபோய் நீட்டினான். சர்க்கார் முத்திரையைக் கண்டதும் ஏட்டின் முகம் மலர்ந்தது.

"வேணு, சரி. தேவகி, சரி. சுப்பன், தம்பி. எங்க இந்தச் சுப்பன்?"

சுப்பன் யுத்த காலத்தில் பிறந்தவன். பிறக்கும்போதே அவனுக்கு வயது இருபத்துநாலு. இரண்டு பேருக்கு அளந்த சர்க்கரை போதாமல் வேணுவே ரேஷன் கார்டில் பெற்றெடுத்த தம்பி அவன். தன் பங்குச் சர்க்கரையை ஒருநாளும் கேட்டதில்லை.

"வெளியூர் போயிருக்கானுங்க."

"பரவாயில்லை. வெள்ளிக்கிழமை நான் தெருவுக்கு வரேன். தம்பி வந்து, இவர்தான் எங்க அண்ணன்னு சொன்னாப் போதும், முடிச்சிடறேன். தம்பி வரலேன்னா கார்டு பொய். கார்டு பொய்யின்னா நீயும் பொய்."

கே.ஜி.கண்டிகையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சேட்டு, தேவகிக்குத் தூரத்து உறவில் தம்பி; அக்கா புருஷன் என்ற முறையில் வேணுவைப் 'பாவா' என்பான். ஒருநாள் மட்டும் சுப்பனாக இருக்க வேண்டும் என்று வேணு கெஞ்சினான்.

"இருக்கறேன் பாவா. ஆனா எல்லாம் தெரிஞ்சாத்தானே தைரியமா நிக்கலாம்? பாஸ்போர்ட்டுக்கு எந்த பாரம் எழுதிப் போடணும்? போட்டோ எத்தனை?"

"உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"அண்ணன் சீமைக்குப் போறாரு, தம்பிக்கு ஒண்ணும் தெரியலேன்னா ஏட்டு சந்தேகப்பட மாட்டாரா?"

நியாயமாகத்தான் பட்டது. பாரம் கிடைக்கும் இடம், ஒட்டும் ஸ்டாம்பு, விசாவுக்கு மனுப் போடும் விதம் என்று சேட்டு கேட்கக் கேட்க வேணு சொன்னான். வேடியப்பன் எழுதிய கடிதத்தையும் மனப்பாடம் செய்துகொள்ள வாங்கிக்கொண்டு போனான் சேட்டு. கூலி வாங்காத வேலையில் இவ்வளவு சிரத்தையா என்று வேணுவுக்குக் கண் கலங்கியது.

அடுத்துத் தெருவை ஒவ்வொரு வீடாகத் தயார் செய்தான். "ஏட்டு எதைக் கேட்டாலும் ஆங்னு சொல்லுங்க. தங்கமானவன்னு சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை ஏட்டு வந்தார். வெள்ளை வேட்டியும் திருநீறுமாகச் சேட்டு முன்னால் நின்றான்.

"இந்தச் சுப்பனைத் தெரியுமா?"

முதல்முறை செய்த பாவத்துக்குத் தெரு பிராயச்சித்தம் தேடிக்கொண்டது.

"தெரியுமாவா? பொறந்தன்னிக்கு இவனுக்குச் சர்க்கரைத் தண்ணி தொட்டு வச்சதே நான்தாங்க" என்றாள் கௌரியம்மாள்.

"பீடி, சுருட்டு?"

"மோந்துகூடப் பார்க்க மாட்டான். தங்கமான பையனுங்க" என்றான் கங்காதரன்.

"இவர் உனக்கு என்ன வேணும்பா?" என்று ஏட்டு வேணுவைக் காட்டினார்.

"பாவா" என்றான் சேட்டு.

தெருவே மூச்சை நிறுத்தியது. சேட்டு மட்டும் நிறுத்தவில்லை. "கோவமா இருந்தா அண்ணன்னு கூப்பிட மாட்டேங்க. காலையில சண்டை."

ஏட்டுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. ஒரு முழுப் பக்கம் புகழ்ந்து எழுதிவிட்டு நிமிர்ந்தார். "சரி, இவரை யாருக்காச்சும் தெரியுமா?"

எல்லோர் கண்ணும் கங்காதரனின் கட்டைவிரலுக்குப் போனது. வேணு அவனைக் கும்பிடாத குறையாகப் பார்த்தான். கங்காதரன் சட்டத்துக்கும் சினேகத்துக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடித்தான்.

"சுப்பனோட அண்ணனா இருக்கலாமுங்க."

ஏட்டு எழுதினார்: 'அண்ணன்: இருக்கலாம்.'

போகும்போது வேணுவைத் தனியே கூப்பிட்டார். "தம்பி விஷயம் பளிங்கு மாதிரி சுத்தம். உன் விஷயத்துல இல்லைன்னு ஒரு தாளு, இருக்கலாம்னு ஒரு தாளு. ரெண்டும் ஜில்லா ஆபீசுக்கு, சித்தூர் போயித்தான் திரும்பணும். பொறுமையா இரு."

வேணு பொறுமையாக இருந்தான். கார்த்திகை போயிற்று. நன்றி சொல்லக் கண்டிகைக்குப் போனபோது சேட்டு ஊரில் இல்லை. மதராஸில் ஏதோ வேலை என்றார்கள். தினமும் காலையில் தெரு ஒரே கேள்வியைக் கேட்டது: "இன்னிக்காவது நீ இருக்கியா வேணு?"

மார்கழி பாதிக்கு மேல் ஒருநாள் தபால்காரர் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே வந்தார். "வேணு! கொழும்புலேர்ந்து கார்டு!"

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. முதலாளி எங்கேயோ சொல்லி வழி செய்துவிட்டார் என்றே வேணு நினைத்தான். நல்ல செய்தியைத் தெருவே கேட்கட்டும் என்று தோன்றியது. "நீங்களே படிங்க" என்று கார்டைத் திருப்பிக் கொடுத்தான். தெரு சுற்றி நின்றது.

தபால்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கப் படித்தார்:

"தங்கள் தம்பி சுப்பன் பாஸ்போர்ட், விசா சகிதம் நேற்றைய கப்பலில் க்ஷேமமாக வந்து கடையில் வேலை ஒப்புக்கொண்டார், ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வரவேண்டியதில்லை."