குப்பைக்கு உபயம் வாசித்தவர்

தூத்துக்குடியில் கடலுக்கே காது வலிக்க வைத்த ஒரே மனிதர் எங்கள் மைக்செட் அண்ணாச்சிதான். துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதினால் எங்கள் பக்கத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அண்ணாச்சி "ஹலோ" என்றால் போதும், உப்பளத்தில் குனிந்திருப்பவர்கள் நிமிர்ந்துவிடுவார்கள். அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த பொறாமையை உப்பாக விளைவித்திருந்தால் லாரி லாரியாக ஏற்றியிருக்கலாம்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு உபயம் கொடுத்தவர்களின் பேரை வாசிப்பதும், கல்யாண வீட்டில் மொய் வைத்தவர்களை மைக்கில் அறிவிப்பதும் அவர் தொழில். மைக் கையில் இல்லாதபோதும் மைக்கில்தான் பேசுவார். டீக்கடையில் விரலை மடக்கி வாயருகே வைத்து, ஊதிப் பார்த்துவிட்டு, "அன்பார்ந்த மாஸ்டர் அவர்களே, சீனி கம்மியா ஒரு டீ" என்பார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதும் முதலில் "செக், செக்" என்றாராம். அவர் வீட்டம்மா அவரிடம் அதிகம் பேசுவதில்லை. "வால்யூமக் கொறைங்க" என்பதோடு சரி.

நான் அப்போது கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் சயின்ஸ் டீச்சர். சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்பு. மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளோடு கடற்கரையைச் சுத்தம் செய்வது, ஊரையும் கூடச் சேர்த்துக்கொள்வது என்று திட்டம் போட்டது நான். சார்ட் வரைந்தது நான். வீடு வீடாகப் போய் அழைத்தது நான். முதல் சனிக்கிழமை வந்து சேர்ந்தது மன்றத்துப் பிள்ளைகளும், மணி என்ற தெருநாயும்தான். ஊர்க்காரர்கள் தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாங்கள் குனிந்து மணலைக் கிளறுவதைப் பார்த்துவிட்டு மேலத் தெரு செல்வி அக்கா மட்டும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"என்ன டீச்சர், கம்மல் தொலைஞ்சு போச்சா? எங்கன விட்டிய?"

அடுத்த மாதம் மைக்செட் வைத்துப் பேசிப் பார்க்கலாம் என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். வந்து இறங்கினார் அண்ணாச்சி. ஆமை வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போகிற கொடுமையை நான் உருகி உருகிப் பேசினேன். என் கண்ணே கலங்கிவிட்டது. ஊர் கொட்டாவி விட்டது. அந்த நேரம் பார்த்து செல்வி அக்கா, காலில் ஒட்டிய சிப்ஸ் கவரை எடுத்துச் சாக்கில் போட்டார். பாய்ந்து வந்து என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார் அண்ணாச்சி.

"மேலத் தெரு செல்வி அக்கா அவர்கள் உபயம், சிப்ஸ் கவர் ஒண்ணு! அக்கா குடும்பத்தாருக்கு நன்றி, நன்றி, நன்றி!"

செல்வி அக்காவின் ஓரகத்தி விருட்டென்று எழுந்து சேலையை இழுத்துச் செருகினார். "ஒரு கவருக்கா இவ பேர வாசிக்காவ? ஏளா, அந்தச் சாக்க எடு!"

மத்தியானத்துக்குள் மணல் மணலாகத் தெரிந்தது. என் ஆமை சாதிக்காததை ஒரு ஓரகத்தி சாதித்துவிட்டார்.

அதன்பிறகு ஊரே திரண்டது. அறுந்த வலை, தண்ணீர் பாட்டில், ஒற்றைச் செருப்பு என்று எதை எடுத்தாலும் உபயம்தான். மளிகைக் கடைக்காரர் ஒருவர் பாட்டில்களைக் கழுவித் துடைத்து, தாம்பாளத்தில் அடுக்கி, சீர்வரிசை மாதிரி ஆள் வைத்துச் சுமந்துவரச் செய்தார். ஒரு சனிக்கிழமை குப்பைக்காகக் கைகலப்பே வந்துவிட்டது.

"ஏலே, எங்க தெருக் குப்பைய நீ எப்படில அள்ளலாம்?"

"கடல்ல கெடந்தது உங்க தெருக் குப்பையாக்கும்?"

"எங்க வீட்டுலேருந்துதாம்ல கடலுக்குப் போச்சு! நாந்தாம்ல போட்டேன்!"

நான் ஓடிப்போய் ஒரு விதி செய்தேன். கொண்டு வருவதைப் பிள்ளைகள் தரம் பிரித்துப் பார்ப்பார்கள். அவர்கள் சரி என்றால்தான் பேர் வாசிக்க வேண்டும். எட்டாம் வகுப்பு ஜெனிபர் தலைமையில் பிள்ளைகள் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். மளிகைக் கடைக்காரரின் தாம்பாளத்தை ஜெனிபர் ஒரு பார்வை பார்த்தாள்.

"இதுல ஒரு பொட்டு மணல் இல்லியே மாமா. கடைச் சரக்கு செல்லாது. எடுத்துட்டுப் போங்க."

போட்டிருந்த தங்கச் சங்கிலி குலுங்க, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார் மனிதர். அந்த ரோஷத்தில் கடை வாசலில் குப்பைத் தொட்டி வைத்தார். பை கொண்டு வராதவர்களைத் திருப்பி அனுப்பவும் ஆரம்பித்தார். அண்ணாச்சி விடுவாரா? "இந்த அருமையான விதியைத் தந்த மாணவச் செல்வங்களுக்கு நன்றி, நன்றி, நன்றி!" என்று முழங்கினார். விதி என்னுடையது ஐயா!

பிறகு ஒரு பெரிய அதிகாரி வந்து பாராட்டினார். சால்வை அண்ணாச்சிக்கு. அதைத் தட்டில் வைத்து ஏந்திக்கொண்டு நின்றது நான். ஒவ்வொரு மாதமும் முந்தின நாள் வெள்ளிக்கிழமை பிள்ளைகள், "நாளைக்கு அண்ணாச்சி வாராவளா டீச்சர்?" என்பார்கள். "நான் வாரேன்டி" என்பேன். "அது சரி டீச்சர், அண்ணாச்சி?" என்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. நன்றாகவே எரிந்தது.

ஒரே ஒரு தடவை என் பேர் அந்த மைக்கில் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. வெயிலில் குனிந்து குனிந்து ஒரு மூட்டை சேர்த்து அவர் கண்ணில் படும்படி வைத்தேன். வாசிக்கவில்லை. இருமினேன். மூட்டையை அவர் காலருகே தள்ளினேன். "பிஸ்கட் கவரைக் கவ்வி வந்த மணி அவர்களுக்கு நன்றி!" என்று நாய்க்கு வாசித்தார். பொறுக்க முடியவில்லை எனக்கு.

"அண்ணாச்சி, எம் பேரு மட்டும் உங்க வாயில வராதோ?"

மைக்கை அணைத்தார். அவருடைய சொந்தக் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன். அது மெலிசாக இருந்தது.

"என்ன டீச்சர் இப்படிக் கேக்கிய? மொய் வச்சவிய பேரத்தான வாசிக்கணும். கல்யாண வீட்டுக்காரி பேர யாராவது வாசிப்பாவளா? இது உங்க வீட்டு விசேஷம்லா."

மூட்டையை நானே தூக்கி ஓரமாக வைத்தேன். ஆனாலும் பொறாமை முழுசாகப் போகவில்லை. வாய்தவறி ஒரு தடவை வாசித்திருந்தால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றிக்கொண்டுதான் இருந்தது.

அப்புறம் எனக்குக் கயத்தாறு பக்கம் மாற்றல் வந்தது. குப்பை உண்டு, கடல் கிடையாது. போன மாதம் மனசு கேட்காமல் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வந்தேன். என் இடத்தில் ஒரு புது டீச்சர், தலையில் தொப்பியோடு. பிளஸ் டூ படிக்கும் ஜெனிபர் உட்பட என் பிள்ளைகளெல்லாம் அவரைச் சுற்றி. பழைய எரிச்சல் புதுசாகக் கிளம்பியது. நானும் கொஞ்சம் சளைத்தவளா? ஒரு சாக்கு நிறையப் பொறுக்கிக்கொண்டு போய் அண்ணாச்சி முன்னால் வைத்தேன்.

வைத்த பிறகுதான் பகீரென்றது. "கயத்தாறிலிருந்து வருகை தந்திருக்கும்" என்று ஆரம்பித்துவிட்டால்? அதோடு தீர்ந்தது, நான் விருந்தாளி. எந்தப் பேர் வர வேண்டும் என்று இத்தனை காலம் ஏங்கினேனோ, அந்தப் பேர் வந்துவிடக் கூடாதே என்று முருகனை வேண்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். மைக்கைத் தட்டினார்.

"மேலத் தெரு செல்வி அக்கா உபயம், ஒரு மூட்டை! நமது பள்ளியின் புதிய டீச்சர் அவர்கள் உபயம், ஒரு மூட்டை! நன்றி, நன்றி, நன்றி!"

புது டீச்சருக்கு முகமெல்லாம் பூரிப்பு. பாவம், அவருக்கு விஷயம் தெரியாது.

அண்ணாச்சி மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"சும்மா நிக்கியளே டீச்சர். வந்தவியளுக்கு டீ பத்தல போல. என்னன்னு போய்ப் பாருங்க."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்காரி நான் இருக்கும்போது, வந்தவர்கள் டீ இல்லாமல் போகலாமா?