உயரத்தில் பாதி

ஆலை மருத்துவ அறையில் நர்ஸ் விக்டோரியா இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் எட்வர்ட் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"மூச்ச விடுங்க."

விட்டான். தொப்பை டேப்பைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து நின்றது.

கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை ஒன்றில் உலையடியில் நிற்கிற காண்ட்ராக்ட் ஆள் அவன். தொப்பைக்காரர்களை வேலையை விட்டு எடுக்கப்போகிறார்கள் என்று காலையிலிருந்து ஷெட் முழுக்க இதே பேச்சு. வேலை போனால் மனைவி ஷைனி முகத்தில் எப்படி விழிப்பது?

"சிஸ்டர், உயரத்துக்கேத்த எடைதான்னு இப்பதான சொன்னீங்க?"

"எடை மிஷினுக்குக் கொழுப்பு எங்க இருக்குன்னு தெரியாது. உங்களுக்குக் கை காலெல்லாம் குச்சி, மொத்தமும் வயித்துல. சுகர், பிரஷர் வருமான்னு டேப்புதான் நல்லா சொல்லும். இடுப்பு, உயரத்துல பாதிக்குள்ள இருக்கணும். உங்களுது தாண்டிடுச்சு."

"கல்யாணத்துலேர்ந்து ஒரே பேண்ட்டு சைஸுதான் போட்டுக்கினு கீறேன்."

"தொப்பைக்குக் கீழ போட்டுக்கிட்டா அப்படித்தான். தொப்புள் கிட்ட அளக்கணும்."

எட்வர்ட் விடுவதாக இல்லை. மேஜைமேல் இரண்டு கைப்பிடி வைத்த கருவி ஒன்று இருந்தது.

"அது இன்னா?"

"உடம்புல கொழுப்பு எத்தனை பங்குன்னு காட்டும். தண்ணி குடிச்சதப் பொறுத்துக் கொஞ்சம் முன்னப் பின்ன இருக்கும்."

அவனுக்கு ஆசை துளிர்த்தது. ஒரு பாட்டில் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு வந்து பிடித்தான். கருவி சிவப்பைக் காட்டியது. அதோடு விட்டானா? டேப்பை மறுபடி சுற்றச் சொன்னான். தண்ணீர் புண்ணியத்தில் தொப்பை இன்னும் ஒரு விரல் கூடியிருந்தது.

"நாளைக்கு டாக்டரே அளந்து எழுதுவாரு" என்றாள் விக்டோரியா.

அப்போதுதான் அன்பு நினைவுக்கு வந்தான். உலையடியில் கூட நிற்கிற பர்மனென்ட் ஆள், ஒல்லிப்பிச்சான். ஒருவர் அடையாளக் கார்டை இன்னொருவர் பஞ்ச் செய்வது அந்த ஷெட்டில் புதிதில்லை. கரி படிந்த போட்டோவில் எல்லா முகமும் ஒன்றுதான்.

"என் கார்ட மாட்டிக்கினு நீ போ, உன் கார்டுல நான் போறேன். பர்மனென்ட்ட எவன் எடுப்பான்? மாசம் பூரா ஷைனி வறுக்கிற மீனு உனக்குத்தான், நைனா."

மீன் என்றதும் அன்பு கார்டைக் கழற்றிக் கொடுத்தான். மறுநாள் டாக்டர் ஒல்லி உடம்பை அளந்து எட்வர்ட் என்று எழுதினார், தொப்பையை அளந்து அன்பு என்று எழுதினார். எட்வர்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அடுத்த வாரம் அவன் உலை அனலில் வேர்த்து ஊற்ற நின்றிருந்தபோது, கேன்டீன் முத்தம்மாள் வந்து கையை நீட்டினாள்.

"மீன் டப்பாவக் குடு தம்பி. அன்பு வாங்கியாரச் சொல்லிச்சு."

"இன்னா, தொர வரமாட்டாரா? எங்க கீறான்?"

"கண்ட்ரோல் ரூம்ல, ஏசில குந்திக்கினு கீது. தொப்பைக்காரங்கள அனலாண்ட நிக்க வைக்கக் கூடாதுன்னு டாக்டர் எழுதிட்டாராமே."