காலி டப்பா

மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று, மாமியார் கொடுத்தனுப்பிய கேக் டப்பாவை அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் கண் பரிசோதிக்கிற வேலையைத் தொடங்குவதற்குள் இதை ஒழித்தாக வேண்டும்.

ஏழாவது மாதம். முந்தின வாரம்தான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். “கர்ப்பகாலச் சர்க்கரை. பயப்படாதீங்க. இனிப்பை நிறுத்துங்க, சாப்பிட்டதும் நடங்க, விரல்ல குத்தி டெஸ்ட் பண்ணிட்டே இருங்க. குழந்தை நல்லா இருக்கும்.”

“அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாதே. அழுது ஊரையே கூட்டிடுவாங்க” என்றான் கணவன்.

அந்த அம்மாவோ, இப்போது பார்த்துத் திடீரென்று கேக் செய்ய ஆரம்பித்திருந்தார்.

“அண்ணே, கேக் சாப்பிடுவீங்களா?”

வாட்ச்மேன் அண்ணன் பல் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டார். சாயங்காலம் காலி டப்பாவைப் பார்த்து மாமியார் பூரித்துப் போனார்.

“பிடிச்சிருந்துச்சா?”

“பிரமாதம், அத்தை!”

மறுநாள் டப்பா இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது.

“அது என்ன விரல்ல பிளாஸ்திரி?”

“ஊசி குத்திடுச்சு, அத்தை. பாப்பாவுக்குச் சட்டை தைக்கிறேன்.”

அவளுக்குப் பொத்தான் தைக்கக்கூட வராது.

“அடடே, காட்டு பார்க்கலாம்!”

கணவன் கடைக்கு ஓடினான். ஒரு குட்டிச் சட்டை வாங்கி, விலைச்சீட்டைப் பல்லால் கடித்துப் பிய்த்து எறிந்தான். மாமியார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மெஷின்ல தைச்ச மாதிரியே இருக்கே! பக்கத்து வீட்டுப் பொண்ணுக்கும் ஒண்ணு தைச்சுக் குடு.”

கணவன் மறுபடி ஓடினான்.

அடுத்தது நடைப்பயிற்சி.

“சாப்பிட்ட கை காயலை, எங்கே கிளம்பிட்டே?”

“நூல் வாங்க, அத்தை.”

“நேத்தும் நூல்தானே?”

“கலர் சரியா அமையலை.”

“இரு, நானும் வர்றேன். இந்தக் கடை வேணாம். அந்தக் கடைசித் தெருக் கடையிலதான் நூல் நல்லா இருக்கும்.”

இருவரும் தினமும் நடந்தார்கள். வழியெல்லாம் மாமியார் கதை சொன்னார், இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வீட்டில் நூல்கண்டு வைக்க இடமில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மாவே அசந்து போனார். “சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டுல இருக்கு. குழந்தை வளர்ச்சியும் அருமை. வீட்ல நல்லா கவனிச்சுக்கிறாங்க போல!”

அவளுக்கு உறுத்தியது. இவ்வளவு பாசமான மனுஷியிடமா இத்தனை பொய்? இன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். மனசு லேசானது.

கண்ணாடிக் கடை வாசலில் கடைசி டப்பாவை நீட்டினாள். “இன்னிக்கோட சரிண்ணே. எனக்குச் சர்க்கரை இருக்குன்னு அத்தைகிட்ட சொல்லிடப் போறேன். நாளையிலேர்ந்து உங்களுக்குக் கேக் கிடைக்காது. வருத்தப்படாதீங்க.”

வாட்ச்மேன் அண்ணன் இரண்டு கையையும் தூக்கி ஒரு பெரிய கும்பிடு போட்டார்.

“புண்ணியமாப் போகும்மா! நீங்க ஆசையா குடுக்குறீங்களேன்னு இத்தனை நாளும் கண்ணை மூடிட்டு முழுங்கினேன். முதல் நாள்லேர்ந்தே அதுல ஒரு பொட்டுச் சர்க்கரை கிடையாது, மாவும் கிடையாது. யாரோ சர்க்கரைக்காரங்களுக்குன்னே பார்த்துப் பார்த்துச் செஞ்ச மாதிரி இருக்கும்!”