ஏரிப் பராமரிப்பும் எங்கள் மெய்நிகர் மீன்களும்

இந்த உலகம் எங்கள் ஏரிப் பராமரிப்பு அலுவலகத்துக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அது இன்னும் உலகத்துக்குத் தெரியாததற்குக் காரணம் எங்கள் தன்னடக்கம். நான் இங்கே மக்கள் தொடர்பு அதிகாரி. புகழ்வது என் உத்தியோகம். ஆனால் இப்போது சொல்லப்போவதைச் சம்பளத்துக்காகச் சொல்லவில்லை, மனமாரச் சொல்கிறேன்.

எங்கள் இயக்குநருக்கு ரத்தக்கொதிப்பு. அவருடைய அறை ஜன்னலைத் திறந்தால் நேராக ஏரி. நுரை, பாசி, அவ்வப்போது வயிற்றைக் காட்டி மிதக்கும் மீன். தினமும் அதைப் பார்த்தால் யாருக்குத்தான் கொதிக்காது? "மனசை வேற எதுலயாவது திருப்புங்க" என்றார் டாக்டர். இயக்குநர் உடனடி நடவடிக்கை எடுத்தார். ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு, தூண்டிலுக்குப் பொய்மீன் செய்ய உட்கார்ந்தார்.

உருக்கிய ஈயத்தைக் கொக்கியோடு சேர்த்து அச்சில் ஊற்றினால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு மீன்தலை கிடைக்கும். பின்னால் கொஞ்சம் இறகு கட்டினால் வால். தலைக்கு நிறம் வேண்டும். தூரிகையெல்லாம் சாமானியர்களுக்கு; இயக்குநர் பூசியது பவுடர் பெயிண்ட். ஈயத் தலையைக் குறடால் பிடித்து, சூடான காற்றை ஊதும் துப்பாக்கி முன்னால் காட்டி, கோப்பையிலுள்ள வண்ணப்பொடியில் ஒரு முக்கு முக்கி எடுப்பார். பொடி ஒட்டிய கையோடு உருகிப் பளபளக்கும். பிறகு 'அவன்' என்கிற மின்னடுப்பில் வைத்து வேகவிட வேண்டும்.

வீட்டில் ஒரே ஒருமுறை வேகவிட்டார். அவருடைய துணைவியாரின் கருத்து சுருக்கமாக இருந்ததாம்: "இன்னொரு தடவ என் அவன்ல ஈயத்த வெச்சீங்க, உங்களையும் சேத்து உள்ள வெச்சுடுவேன்."

கலை அலுவலகத்துக்கு இடம்பெயர்ந்தது. சாப்பாட்டு அறை அவன் 'வளர்ச்சிப் பணிக்கு' ஒதுக்கப்பட்டது. கணக்கர் அதில் தன் ரொட்டியைச் சூடாக்கித் தின்றுவிட்டு, "ஆரஞ்சு மாதிரி இருக்கு" என்றார்.

"பழமா?"

"இல்ல. கலரு."

முதல் ஆலோசனைக் கூட்டத்தில் பெயர்ப் பிரச்சினை எழுந்தது.

"பொய்மீன்னு எழுதக்கூடாது சார்," என்றார் கணக்கர். "நம்ம ஆபீஸ் பேருக்குப் பக்கத்துல 'பொய்'னு வந்தா, ஜனங்க ரெண்டையும் சேத்தே படிப்பாங்க."

"வேற என்னன்னு எழுதறது?"

"மெய்நிகர் மீன்," என்றேன் நான். இயக்குநர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார்.

பணிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. பெயிண்ட் பூசும்போது, மீன்தலையில் நூல் கோக்கிற காது அடைத்துக்கொள்ளும். பெயிண்ட் இளகியிருக்கும்போதே அதை ஊசியால் குத்தித் திறப்பது கணக்கரின் பொறுப்பு. எங்கள் அலுவலகத்தில் அடைத்துக்கொண்ட காது திறந்தது அதுவே முதல் தடவை என்று கரையிலுள்ள மீனவர்கள் பேசிக்கொண்டார்கள். பொறாமை. "சூடு பத்தலேன்னா ஒட்டாது, ஜாஸ்தியானா ஒழுகும். நிர்வாகமும் அப்படித்தான்யா" என்று இயக்குநர் அருளினார். கொட்டை எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டினேன்.

இந்தப் பொற்காலத்தில் ஒத்துழைக்காத ஒரே ஆள், நாங்கள் 'லேப் மேடம்' என்று கூப்பிடும் ஆய்வக அதிகாரி. பரந்த பார்வை அவருக்குக் குறைவு. எப்போது பார்த்தாலும் தண்ணீரைப் பற்றியே பேசுவார், ஏதோ ஏரிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருப்பதுபோல. அவர் அறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. ஏரியில் உயிரோடு கிடைத்த ஆறு குட்டி மீன்கள் அதில் நீந்தின. ஏரியில் மீன் இருக்கிறது என்பதற்கு எங்களிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான். அதுவும் இல்லை என்றால் எங்களைச் சாலைத் துறையோடு இணைத்துவிடுவதாகத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்தது.

அந்தத் தொட்டிக்குக் காற்று ஊதும் சின்ன மோட்டார் ஒன்று உண்டு. ஒருநாள் இயக்குநர் அதைக் கழற்றி எடுத்துக்கொண்டார்.

லேப் மேடம் பின்னாலேயே ஓடிவந்தார். "சார், அது மீனுக்கு மூச்சு."

"பொடிக்கும் மூச்சு வேணுமேம்மா. அடியில இருந்து காத்து ஊதினாத்தான் பொங்கி நிக்கும். அப்புறம் பூச்சு எவ்வளவு சீரா வருது பாருங்க!"

"மீனெல்லாம் மேல வந்து வாயைத் தொறந்து தொறந்து மூடுது சார்."

"பாத்தீங்களா, அதுங்களே பாராட்டுதுங்க."

மேடம் தன் அறைக்குத் திரும்பினார். பிறகு ஒரு வாளியைத் தேடி எடுத்தார். தாழ்வாரத்தில் அவர் போனில் பேசியது எல்லோருக்கும் கேட்டது.

"என்னங்க, குளியல் தொட்டியில தண்ணி பிடிச்சு வைங்க... குளிக்க இல்ல. மீன் வருது... ஐயோ, சமைக்கவும் இல்ல! அத்தைகிட்ட இப்பவே சொல்லிடுங்க, கத்தியோட வந்து நிக்கப்போறாங்க."

வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினார். கண் ஈரமாக இருந்தது. வாளித் தண்ணீர் தெறித்திருக்கும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை, சொல்லாமல் கொள்ளாமல், தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்து இறங்கினார். இயக்குநரின் முகத்தில் ஒரு நிறம் வந்தது. எங்கள் பொடிகளில் இல்லாத நிறம்.

"மீன் எங்கய்யா?"

"லீவுல போயிருக்கு சார்," என்றார் கணக்கர்.

ஆய்வாளர் தேநீர் குடித்து முடிப்பதற்குள், ஆறு மெய்நிகர் மீன்களின் காதில் மெல்லிய நரம்பைக் கோத்து, தொட்டி மூடியிலிருந்து தொங்கவிட்டோம். கொக்கிகளைப் பாசி மறைத்துக்கொண்டது. பாசிக்கு எங்களிடம் என்றைக்குமே பஞ்சமில்லை.

ஆய்வாளர் குனிந்து பார்த்தார். "என்ன மீன் இது? அசையவே மாட்டேங்குது?"

"மெய்நிகர் மீன் சார்," என்றார் இயக்குநர். அவர் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

"தீனி?"

"தேவையில்ல சார்."

"காத்து? நல்ல தண்ணி?"

"எதுவுமே கேக்காது சார்."

ஆய்வாளர் சட்டைக் கையை மடித்துவிட்டு, தொட்டிக்குள் விரலை விட்டு ஒன்றைத் தட்டினார். அது கண்ணாடியில் மோதி 'டொக்' என்றது.

"சாயம் பூசினதா?"

"பவுடர் பெயிண்ட் சார்," என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் நெடுநேரம் யோசித்தார். சாலைத் துறையில் எனக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்று நானும் யோசித்தேன்.

"இது செத்து மிதக்காது, இல்ல?"

"மிதக்கவே மிதக்காது சார்."

"ஏரி முழுக்க விட எவ்வளவு நாள் ஆகும்?"

லேப் மேடம் குறுக்கே வந்தார். "சார், அது ஈயம். தண்ணியில கிடந்தா விஷம். இருக்கற மீனும் செத்துடும்."

"என்னம்மா நீங்க? சாகாத மீன்னு இப்பத்தானே சொன்னாங்க!"

ஒரு மாதம் அலுவலகமே பொடியும் புகையுமாக உழைத்தது. முந்நூறு மெய்நிகர் மீன்களை மிதவைகளில் கட்டி ஏரிக்குள் இறக்கினோம். வெயில் படும்போது ஏரி மினுமினுத்தது. படம் எடுத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்பினேன். சிறந்த பராமரிப்புக்கான விருதை இயக்குநர் மேடையேறி வாங்கினார். அவருக்கு ரத்தக்கொதிப்பு இப்போது அறவே இல்லை. ஜன்னல் திரையைக்கூட எடுத்துவிட்டார்.

லேப் மேடம் வேலையை விட்டுவிட்டார். போன வாரம் கடைத்தெருவில் பார்த்தேன். அந்த ஆறு மீன்களும் தொட்டி நிறையக் குஞ்சு பொரித்துவிட்டனவாம். குடும்பமே வாளியில்தான் குளிக்கிறதாம். அத்தைதான் மூன்று வேளையும் தீனி போடுகிறாராம்.

"அவ்வளவு கஷ்டம் எதுக்கு மேடம்? ஏரியிலயே கொண்டுவந்து விட்டுடலாமே," என்றேன், அக்கறையோடு.

"கொல்லணும்னா வீட்டுலயே கொல்லத் தெரியாதா சார்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். விருது பெற்ற அலுவலகத்தைப் பற்றி இப்படியா பேசுவது? பதிலாக ஒரே ஒரு உண்மையை மட்டும் சொல்லி முடிக்கிறேன். எங்கள் மெய்நிகர் மீன்களில் இன்றுவரை ஒன்றுகூடச் சாகவில்லை. எங்கள் பராமரிப்பில் விடப்பட்டவற்றில் அப்படிச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் மிச்சமில்லை.