குசினி கட்டின சம்மாட்டி

திட்டம் போடுறதில இந்த மன்னார்த் தீவிலேயே என்னை வெல்ல ஆளில்லை. பேர் எமிலியானுஸ். வயது அம்பத்திரண்டு. பேசாலையில ஒரு ஐஸ் கொம்பனியில இருபத்திரண்டு வருசமாய் ஐஸ் கட்டி இறக்கிக் குடுக்கிறன். சொந்தப் படகும் எஞ்சினும் வைச்சிருக்கிறவன் சம்மாட்டி. அவை விடிய வந்து நிண்டு, "டேய் எமிலி, ரெண்டு கட்டி போடு!" எண்டு கத்துவினம். அவன் சம்மாட்டி, நான் டேய்.

பெரிய வெள்ளிக்கு அடுத்த நாள் முடிவெடுத்தன். நானும் சம்மாட்டி ஆகிறது. அந்தச் சம்மாட்டிமாரில ஒருத்தன் கொலின்ஸ், கட்டாருக்குப் போக வெளிக்கிட்டவன், தன்ர படகையும் எஞ்சினையும் விக்கப் போறான். பாதிக் காசு முன்னுக்குக் குடுத்தால் எனக்குத்தான். ஆருக்கும் மூச்சு விடமாட்டன் எண்டு அந்தோனியார் மேல சத்தியமும் பண்ணினான்.

காசு? இருக்கு. கொம்பனி என்ர பேரில மாதாமாதம் கட்டின சேமலாப நிதியில கொஞ்சம், நம்பிக்கை நிதியில கொஞ்சம். ரெண்டும் நல்லாய் நித்திரை கொள்ளுது. தட்டி எழுப்பத் தொழில் கந்தோருக்குப் போனன். அங்க டிலக்சனா எண்டொரு பிள்ளை இருந்தது.

"நம்பிக்கை நிதி வேணுமெண்டால் வேலையை விடவேணும், ஐயா."

"விட்டால் மனுசிக்குத் தெரிஞ்சிடும், பிள்ளை."

"அப்ப சேமலாப நிதி. அது அம்பத்தஞ்சிலதான் முழுக்க வரும். இப்ப முப்பது வீதம் எடுக்கலாம். ஒண்டு வருத்தத்துக்கு, இல்லாட்டி வீட்டு வேலைக்கு."

"எஞ்சினுக்கு?"

"எஞ்சினுக்கு இல்லை, ஐயா."

எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மனுசிப் பயம் மட்டும்தான். அதுக்கு டொக்டர் துண்டு தரமாட்டார். மிச்சம் வீடு. அதிலதான் சிக்கல். வீடு என்ர மனுசி றஞ்சிதத்தின்ர சீதனம். இருபத்தாறு வருசமாய் இருக்கிறன், ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் அவவைக் கேட்டுத்தான் அடிக்கிறது. வீட்டு உறுதி அவவின்ர அலுமாரியில, அலுமாரித் திறப்பு அவவின்ர இடுப்பில.

"மனுசியின்ர பேரில எண்டால் உறுதியோட அவவின்ர கடிதமும் வேணும்" எண்டது பிள்ளை.

அது என்ன பெரிய வேலையே! நண்டுக் கொம்பனியில நண்டு உடைச்சுப் போட்டு வந்து கால் நீட்டி இருந்தவவிட்டைப் போனன்.

"றஞ்சிதம், நீ சமைக்க ஒரு புதுக் குசினி கட்டித் தரப் போறன்."

"ஆர், நீங்களோ?"

"ஓம். சேமலாப நிதியில எடுத்து. உறுதியைத் தந்து ஒரு கையெழுத்துப் போட்டால் சரி."

"என்னில அவ்வளவு பட்சமோ?"

"பின்ன?"

சிரிச்சா. எழும்பிப் போய் உறுதியை எடுத்துத் தந்தா. ஒரு கேள்வி கேக்கேல்லை. அப்பவே நான் பயந்திருக்க வேணும். நானோ, பழைய குசினிக்கு ரெண்டு தகரமும் ஒரு வாளி சுண்ணாம்பும், மிச்சமெல்லாம் கொலின்சுக்கு எண்டு கணக்குப் போட்டுக்கொண்டு திரிஞ்சன்.

காசு வந்தது. வங்கியில எடுத்துக்கொண்டு நேரே கொலின்சிட்டைப் போயிருக்கலாம். சம்மாட்டி ஆகப்போற ஆள் ஊத்தைச் சேட்டோட போறதோ? சேட்டு மாத்துவம் எண்டு வீட்டை வந்தன். அதுதான் பிழை.

குசினியைக் காணேல்லை. இருந்த இடத்தில அத்திவாரத்துக்கு வெட்டின கிடங்கு. கிடங்குக்குப் பக்கத்தில மேசன். மேசனுக்குப் பக்கத்தில பாதர், கையில தீர்த்தச் செம்பு. சுத்திவர அயலட்டை முழுக்க றோல்சும் தேத்தண்ணியுமாய் நிக்குது.

"எமிலியானுஸ், மனுசிக்காக ஓய்வுகாலக் காசையே எடுத்திருக்கிறீர்!" எண்டார் பாதர். "ஞாயிறு பூசையில சொல்லப் போறன். மற்ற ஆம்பிளையளும் பழகட்டும்."

மேசன் கையை நீட்டினான். பாதர் பார்த்துக்கொண்டு நிண்டார். கொண்டுவந்த காசு முழுக்க எண்ணிக் குடுத்தன். எல்லாரும் போன பிறகு பாய்ஞ்சன்.

"ஆரைக் கேட்டுக் குசினியை இடிச்சனீ?"

"என்ர வீடுதானே, என்னைக் கேட்டுத்தான் இடிச்சனான்."

எனக்கு அழுகையே வந்திட்டுது. சொல்ல என்ன வெக்கம்? இருபத்திரண்டு வருசம் டேய் கேட்ட மனுசன் நான்.

"ஏன் முகம் கறுத்துப் போச்சு? எஞ்சினோ?"

"எ... எந்த எஞ்சின்?"

"கொலின்சின்ர எஞ்சின். அவன்ர மனுசி றெபேக்கா எனக்குப் பக்கத்தில இருந்துதான் நண்டு உடைக்கிறவ."

சத்தியத்தைக் கொலின்சிட்டை மட்டும் வாங்கினன். றெபேக்காவிட்டை வாங்க மறந்துபோனன்!

"கவலைப்படாதேங்கோ" எண்டா. "வாற மாதம் எனக்கு அம்பது. பொம்பிளையளுக்கு அம்பதிலயே சேமலாப நிதி முழுக்க வரும். வேலையையும் விடுறன், நம்பிக்கை நிதியும் வரும். எதை எடுக்கிறதெண்டு நீங்கள் மண்டையை உடைச்சியள். நான் ரெண்டையும் எடுக்கிறன். படகை வாங்குவம்."

எனக்கு உயிர் வந்தது. "அப்ப நானும் ஐஸ் கொம்பனியை விடட்டோ?"

"உங்களுக்கென்ன விசரே? மிச்சம் எழுபது வீதம் கிடக்கு. அம்பத்தஞ்சு முடியிற மட்டும் அங்கால இங்கால அசையக் கூடாது!"

படகு வந்திட்டுது. நீலப் பெயின்ற், அடிச்சது நான். பதிவு அவவின்ர பேரில. நேற்று விடிய, துவாயைத் தலையில கட்டிக்கொண்டு ஐஸ் எடுக்க வந்து நிண்டா. கொம்பனிக் கொப்பியில சம்மாட்டி பேருக்கு நேரே "றஞ்சிதம்" எண்டு என்ர கையாலேயே எழுதினன். வரிசையில நிண்ட அத்தனை சம்மாட்டிமாரும் விலகி அவவுக்கு வழி விட்டிச்சினம். பிறகு எல்லாருமாய் என்னைப் பார்த்துக் கத்திச்சினம்:

"டேய் எமிலி, சம்மாட்டியம்மாவுக்கு முதல் போடு!"