வாப்பாவின் தோணியும் உங்கள் ஜீப்பின் இழுவைக் கணக்கும்

சாய்ந்தமருது
12.06.2010

அன்பின் றவூப் மாமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயில் உங்களையும் மாமியையும் வாட்டாமல் அல்லாஹ் காப்பானாக. நாங்கள் நலம். நீங்கள் எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டுப் போன வெள்ளை ஜீப்பும் நலம்.

மாமா, பெரிய செய்தி! சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் தோணியை இழந்ததிலிருந்து அடுத்தவர் தோணியில் தொழிலுக்குப் போன வாப்பா, வினாயகபுரத்துக் கதிர்காமனிடம் எஞ்சினோடு ஒரு பைபர் தோணி வாங்கிவிட்டார்! சண்டை முடிந்து கடல் திறந்த பிறகு வரும் நல்ல பருவம் இது, தவறவிட முடியாது. எஞ்சின் பழுதென்பதால் தோணியைத் தரைவழியாகத்தான் கொண்டுவர வேண்டும். உங்கள் ஜீப்பால் இழுத்துவர அனுமதி கேட்டே எழுதுகிறேன். பதில் வரும்வரை ஜீப்பைத் தொடுவதில்லை என்று வாப்பா சொல்லிவிட்டார்.

ஜீப்பின் கைநூல் ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிக்கும் பொறுப்பு எனக்கு. இழுவைத் திறன் இரண்டாயிரம் கிலோ என்று வாசித்ததுமே வாப்பா, "அப்ப ரெண்டு தோணி இழுக்கலாம்!" என்று துள்ளினார், அடுத்த வரியை வாசிக்க விடவே இல்லை, அடுத்த வரியிலோ அது சொந்தமாகப் பிரேக் உள்ள ட்ரெய்லருக்கு மட்டும், பிரேக் இல்லாததற்கு வெறும் எழுநூற்றைம்பது என்று இருக்கிறது, நம் ட்ரெய்லரோ றிஷாட் காக்கா இரும்பு ஒட்டிச் செய்தது. "பிரேக்தான் ஜீப்பில இரிக்கே புள்ள, தோணிக்கு என்னத்துக்குப் பிரேக்?" என்றார் காக்கா. ஜீப் நின்றாலும் தோணி நிற்காது, பின்னாலிருந்து தள்ளும் என்று விளக்கினேன். ட்ரெய்லரை நெல் ஆலைத் தராசில் நிறுத்து, கதிர்காமன் சொன்ன தோணிப் பாரத்தைக் கூட்டினால் எழுநூற்றுப் பத்து. அல்ஹம்துலில்லாஹ், அடங்கிவிட்டது!

ஆனால் அடுத்த பக்கத்தில் இன்னொரு எல்லை, மாமா. ஜீப், ட்ரெய்லர், உள்ளே இருக்கும் ஆட்கள் எல்லாம் சேர்த்து. தோணி எடுக்கக் குடும்பமே புறப்பட நிற்கிறது. எல்லோரிடமும் நிறை கேட்டேன். ஹாஜறா சாச்சி "அம்பது" என்றார். தராசில் ஏறச் சொன்னேன்.

"நான் என்ன நெல்லு மூட்டையா? உன்ட வாப்பாட தோணிக்கு என்னை ஏன்டி நிறுக்கிறாய்?"

எல்லோரும் ஏறினால் அந்த எல்லை தாண்டிவிடும், ஆகவே வாப்பாவும் காக்காவும் மட்டுமே போகலாம் என்று தீர்ப்புச் சொன்னேன். உம்மா என்னோடு கதைப்பதில்லை. வாப்பா மட்டும், "என்ட மகள்ட கணக்குப் பிழைக்காது" என்றார்.

மாமிக்கு ஸலாம். உங்கள் உழைப்பில் பறக்கத் உண்டாக துஆச் செய்யும்,
மருமகள் றிஸ்னா

பி.கு.: மாமா, அனுமதி இனித் தேவையில்லை. கடிதத்தை ஒட்டுவதற்குள் போய் வந்துவிட்டோம். வாப்பாவால் பொறுக்க முடியவில்லை. உம்மா சோற்றுப் பானையோடு முதலில் ஏறினார், பிறகு சாச்சி, பிள்ளைகள், நானும். போகும்போது வெறும் ட்ரெய்லர். வினாயகபுரத்தில் தோணியை ஏற்றியதும், பாதிப்பேர் பஸ்ஸில் வாருங்கள் என்று கெஞ்சினேன். "பஸ்ஸில வாறதுக்கா பட்டுச்சாரி உடுத்தன்?" என்றார் சாச்சி. யாரும் இறங்காததால் கடைசியில் தோணியைத்தான் ட்ரெய்லரோடு கழற்றினோம். அதைக் கதிர்காமனின் உழவு இயந்திரம் இழுத்தது. உங்கள் ஜீப் ஒன்றையும் இழுக்காமல் பின்னால் வந்தது. ஜீப்பிலிருந்து இறங்கியவர் வாப்பா ஒருவர்தான். தோணிக்குள் ஏறி நின்று, அக்கரைப்பற்றுக் கடைத்தெரு முழுவதும் ஸலாம் சொல்லிக்கொண்டே வந்தார்.