தேர்வில் தோற்ற நர்ஸுக்கு மூன்று வழிகள்

வெளிநாட்டு நர்ஸ் தேர்வில் தோற்றவர்களைக் கைதூக்கிவிட பிலிப்பைன்ஸில், எங்கள் இலோயிலோ நகரில் ஓர் அலுவலகம் உண்டு. அங்கே ஏசி அமோகமாக இருக்கும் என்பதால் நான் தினமும் ஆஜர். ஆகவே இது கண்ணால் கண்ட சாட்சியம். நம்பாதவர்கள் போய் அந்த ஏசியைக் கேட்டுக்கொள்ளலாம்.

பெர்லித்தா பதினோரு வருடம் வார்டில் நின்ற நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று வேலை தரத் தயார். தேர்வில்தான் கோட்டை விட்டாள். மாதக் கடைசிக்குள் ஒரு வழி பிறக்காவிட்டால் அந்த வேலையும் போய்விடும். உள்ளூர் லைசென்ஸை அசலாகவே மனுவோடு இணைத்துக் கொடுத்துவிட்டு, அதிகாரி பொலிகார்ப்பியோவின் முன்னால் நின்றாள்.

"மூணு வழி இருக்கு மேடம்," என்றார் அவர், கருவாட்டுச் சோற்றை மூடி வைத்துவிட்டு. "முதல் வழி மறுதேர்வு. ஆனா பதினோரு வருஷம் வேலை பார்த்ததா சர்டிபிகேட் வெச்சிருக்கீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு தேர்வு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய். பொய் ஆவணம் கொடுத்தவங்க மறுதேர்வு எழுத முடியாது."

"ரெண்டாவது?"

"காலேஜ்ல முதல் வருஷத்துல இருந்து படிக்கலாம். ஆனா ஏற்கனவே படிச்சவங்களை அவங்க சேர்க்க மாட்டாங்க."

"மூணாவதையாவது உருப்படியாச் சொல்லுங்க சார்!"

"வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போகலாம். வயசானவங்களைக் குளிப்பாட்டி, ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டி..."

"அது நர்ஸ் வேலைதானே?"

"லைசென்ஸோட செஞ்சாத்தான் மேடம் நர்ஸ் வேலை. இல்லாம செஞ்சா அது பாசம்."

அந்த மாதத்திலிருந்து பாசத்துக்கும் ஒரு தேர்வு வந்திருந்தது. பொம்மை நோயாளி ஒன்றைப் படுக்கவைத்து, "இவருக்கு மூச்சு முட்டுது, பாசம் காட்டுங்க" என்றார்கள். அன்பாகச் சிரித்திருக்க வேண்டியவள், சட்டென்று பொம்மையின் தாடையைத் தூக்கி மூச்சுக்கு வழிவிட்டாள். பொம்மை பிழைத்தது. பெர்லித்தா பிழைக்கவில்லை. 'தேர்வரிடம் நர்ஸுக்குரிய அறிகுறிகள் தென்படுவதால் பாசத்தில் தோல்வி' என்று எழுதிக் கையெழுத்திட்டார் பொலிகார்ப்பியோ.

"இதை வெச்சே மறுதேர்வு கொடுங்க சார்! எனக்கு வேலை தெரியும்னு நீங்களே எழுதியிருக்கீங்களே."

"நர்ஸ் வேலையை அடையாளம் காண எங்க பாசப் பிரிவுக்கு அதிகாரம் கிடையாது," என்றபடி எழுந்தவர், நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். தலைசுற்றல். "கொஞ்சம் பிரஷர் பாருங்களேன் மேடம்."

பார்த்தாள். முகம் மாறியது. கருவியைச் சுருட்டி மேஜைமேல் வைத்தாள்.

"எவ்வளவு? சொல்லுங்க!"

"எப்படிச் சொல்றது சார்? என் லைசென்ஸ் உங்க கோப்புல கிடக்கு."

"பாசமாவாவது சொல்லும்மா!"

"அதுலயும் ஃபெயிலு சார். மைகூட இன்னும் காயல."

மறுதேர்வு அந்த நிமிடமே அனுமதிக்கப்பட்டது. 'காரணம்' என்ற கட்டத்தில் அவர் எழுதியது: 'அதிகாரிக்கு மயக்கம்.'

"நூத்தித் தொண்ணூறு சார்," என்றாள் பெர்லித்தா. "முதல்ல அந்தக் கருவாட்டைத் தூக்கிப் போடுங்க."

இரண்டாம் முறை அவள் தேறிவிட்டாள். எங்கள் பேட்டையில் மிச்சமிருந்த ஒரே நர்ஸ் அவள்தான். நாங்கள் அத்தனை பேரும் விமான நிலையம்வரை போய், கை வலிக்கக் கைதட்டி அனுப்பிவைத்தோம்.

இப்போதெல்லாம் நானும் பொலிகார்ப்பியோவும் ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து நாடி பார்த்துக்கொள்கிறோம், முழுக்க முழுக்கப் பாசத்தோடு. இருவருக்கும் ஓடுகிற மாதிரிதான் தெரிகிறது.